பிராங்கிளினும் அவர் கூட்டிய வெள்ளிக்கிழமைக் கழகமும்

மக்கள் ஓரிடத்தே கூடிப் பேசுதல் எளிது. பேசியவற்றுள் ஒன்றையேனுஞ் செயலாக்கி முடித்தல் அரிது. ஊர்தோறுஞ் சங்கங்கள் தோன்றுவதையும், அவை முதலாண்டிலே ஆரவாரத்தோடு நடந்து, இரண்டாமாண்டிலே அக்கிராசனப் பதவிபற்றிப் பிணங்கி, மூன்றாமாண்டிலே பெயர்ப்பலகை மாத்திரமாய் எஞ்சி நிற்பதையும் ஆசிரியர்களாகிய நாம் பலகாலுங் கண்டிருக்கின்றோம். இதற்குக் காரணம் பொருட்குறைவென்பார் சிலர். கற்றோர் குறைவென்பார் வேறு சிலர். பெரும்பாலுங் கைத்தொழிலாளராகிய பன்னிருவர் கூடித் தொடங்கிய ஒரு சிறு கழகம் ஏறக்குறைய நாற்பதாண்டு நிலைபெற்று, ஒரு நகரத்தின் பொதுநன்மைகள் பலவற்றுக்கு வித்தாயிற்று என்னுஞ் சரித்திரம் அவ்விரு காரணங்களையும் பொய்ப்படுத்துகின்றது. அக்கழகத்தைக் கூட்டியவர் பெஞ்சமின் பிராங்கிளின் என்பவர். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவரென்றும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவரென்றும் அவரை யாவரும் அறிவர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, அவர் பிறரோடு கூடிப் பேசிய வகையையும், அப்பேச்சினாலே தாமும் பிறரும் உயர்ந்த வகையையுமேயாம்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி பொஸ்தன் நகரிலே பிறந்தனர். தந்தையார் யோசையா மெழுகுவர்த்தியுஞ் சவர்க்காரமுஞ் செய்து விற்றுச் சீவித்தவர். அவருக்குப் பிள்ளைகள் பதினெழுவர். அவருள் இவர் பதினைந்தாமவர். தந்தையார் செல்வருமல்லர், பெரும் பண்டிதருமல்லர். ஆயினும், அறிவுடைய நண்பரொருவரையேனும் அயலவரொருவரையேனும் உணவுக்கழைத்து, பிள்ளைகளின் அறிவு விருத்தியாகத்தக்க விஷயமொன்றை எடுத்துப் பேசுவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். உண்கலத்திலிருப்பது சுவையுடையதோ அன்றோ என்னும் பேச்சு அங்கே நிகழ்வதில்லை. நல்லது எது, நியாயம் எது, விவேகம் எது என்பதே பேச்சு. ஊர்க்காரியங்களிலே முதன்மையுடையோர் அவரிடம் வந்து ஆலோசனை கேட்பதையும், வழக்குடையோர் அவரை நடுவராகக் கொள்வதையும் சிறுவர் பார்த்து வளர்ந்தனர். தலைமை பதவியினால் வருவதன்று, பிறர் கொள்ளும் நம்பிக்கையினால் வருவது என்னும் முதற்பாடம் அவருக்கு அவ்வுணவு மேசையிலே கிடைத்ததென்க.

பள்ளிக்கூடப் படிப்போ இரண்டாண்டும் நிரம்பவில்லை. பத்து வயதிலே தந்தையாரின் தொழிலுக்கு உதவியாக நிறுத்தப்பட்டார். அத்தொழிலில் மனங்கொள்ளாமையால், பன்னிரண்டாம் வயதிலே தமையனார் யேம்சின் அச்சுக்கூடத்திலே தொழில்பயிலுமாறு ஒப்பந்தஞ் செய்து விடப்பட்டார். அங்கே அவர் தம்மைத் தாமே மாணாக்கராகவும் ஆசிரியராகவுங் கொண்ட முறை நம்மனோர் கருதத்தக்கது. இலண்டனில் முன் வெளிவந்த ஒரு பத்திரிகையின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையுஞ் சிறுகுறிப்பாக எழுதி வைப்பர். சிலநாள் கழிந்தபின் நூலைப் பாராது அக்குறிப்புக்களைக் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களால் எழுதி, மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவர். வசனத்தைச் செய்யுளாக்கிப் பின் மீட்டும் வசனமாக்குவர். குறிப்புக்களைக் கலைத்துவிட்டு ஒழுங்குபடுத்திப் பார்த்துக் கருத்துக்களை முறைப்பட அடுக்கப் பயில்வர். வகுப்பிலே கட்டுரை கற்பிக்கும் நமக்கு இதனினுஞ் சிறந்த முறை எளிதிற் கிடையாது.

அக்காலத்திலே அவருக்கு ஒரு குற்றமும் உண்டாயிற்று. வாதஞ்செய்து பிறரை மடக்குவதிலே பேராசை கொண்டார். பின், கிரேக்க ஞானியாகிய சோக்கிரதர் வினாவி வினாவியே உண்மையை வெளிப்படுத்திய முறையைப் படித்து, அதனைக் கைக்கொண்டு, தம்மினும் மிக்கோரையும் அவர் எதிர்பாராத இடர்களிலே சிக்கவைத்து மகிழ்ந்தார். சில ஆண்டுகள் சென்றபின், வெற்றி பெறுதல் வேறு, பயன்பெறுதல் வேறு என்பதை உணர்ந்து அதனை விட்டனர். ஒன்றைத் துணிந்து கூறாது, தமக்கு அவ்வாறு தோன்றுகின்றதென்று தாழ்மையாகக் கூறும் வழக்கத்தை மாத்திரம் நிறுத்திக்கொண்டார். பிற்காலத்திலே அவர் பெற்ற செல்வாக்குக்கெல்லாம் இவ்வழக்கமே மூலம்.

தமையனாரோடு மாறுபட்டு, 1723ஆம் ஆண்டிலே பதினேழு வயதினராய்ப் பொஸ்தனை விட்டோடிப் பிலதெல்பியா நகரஞ் சேர்ந்தார். கையிலிருந்த பணம் மிகச் சிறிது. பசியினால் வாங்கிய மூன்று அப்பங்களுள் ஒன்றை உண்டு, மற்றிரண்டையும் தம்மோடு படகில் வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்குங் கொடுத்தனர். தேசாதிபதியாயிருந்த ஒருவர் உதவிக் கடிதங்கள் தருவதாகச் சொன்ன சொல்லை நம்பி 1724இல் இலண்டனுக்குச் சென்று, அக்கடிதங்கள் எழுதப்படவேயில்லையென்று அங்கே அறிந்து, அச்சுக்கூடங்களிலே கூலிக்கு உழைத்து, 1726இலே பிலதெல்பியாவுக்கு மீண்டார். பெரியோர் வாக்கு வெறும் வாக்கானால் இளைஞர் படுந் துன்பத்தை அவர் அனுபவத்தால் அறிந்தவர்.

மறுவருடம், 1727இலே, இருபத்தொரு வயதினராகிய அவர் தமக்குத் தெரிந்த அறிவுடைய இளைஞர்களைச் சேர்த்து ஒரு கழகங் கூட்டினார். அதற்கு ஜண்டோ என்று பெயர். ஆவணங்களைப் பிரதிசெய்யும் எழுத்தர், கண்ணாடித் தொழில்செய்து தாமே கணிதங் கற்றவர், நில அளவையாளர், சப்பாத்துத் தைப்பவர், தச்சர், வணிகரொருவரின் கணக்கர், அச்சுத்தொழிலாளர், செல்வக் குடியிற் பிறந்த கனவான் ஒருவர் ஆகியோர் அதன் அங்கத்தவருள் அடங்குவர். கூடும் நாள் வெள்ளிக்கிழமை மாலை. ஒவ்வொருவரும் முறையே ஒழுக்கம், அரசியல், இயற்கை நூல் என்பவற்றைப்பற்றி வினாக்கள் கொண்டுவருதல் வேண்டும்; மூன்று மாதத்துக்கொருமுறை தாமே எழுதிய கட்டுரையொன்றை வாசித்தல் வேண்டும். வாதத்தில் வெல்லும் விருப்பமின்றி, உண்மை காணும் விருப்பத்தோடே பேசுதல் வேண்டும். பிறர் கூற்றை நேர்நின்று மறுத்தலும், தம் கொள்கையே முடிந்த முடிபென்று சாதித்தலும் சிலகாலத்தின்பின் விலக்கப்பட்டன. மீறியவர் சிறுதொகை தண்டங் கொடுத்தனர். நமது சங்கங்களிலே இத்தண்டம் விதிக்கப்படுமாயிற் கட்டட நிதிக்கு வேறு வழி தேடவேண்டுவதில்லை.

கூட்டந்தோறும் இருபத்துநான்கு வினாக்கள் வாசிக்கப்பட்டன. அண்மையிற் படித்த நூலிலே கழகத்தாருக்குச் சொல்லத்தக்கது யாது, தொழிலிலே கெட்டவர் எவர், கெட்டமைக்குக் காரணம் யாது, பாராட்டத்தக்க செயல் செய்தவர் எவர், நகருக்குப் புதிதாக வந்த தகுதியுடையார் எவர், புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞருள் ஊக்கம் வேண்டுவோர் எவர், சட்டங்களிலே காணப்பட்ட குறை யாது என்னும் பொருளின அவ்வினாக்கள். கற்றல், ஊரைக் கவனித்தல், உதவுதல் என்னும் மூன்றும் அவற்றுள் அடங்கினமை காண்க. வினாவுக்கும் வினாவுக்குமிடையே ஒரு கிண்ணம் மது நிரப்பிப் பருகுமளவு இடைவெளி விடப்பட்டது. நாம் அவ்விடைவெளியை மாத்திரங் கைக்கொண்டு கிண்ணத்தை விட்டுவிடுவோமாக. வினாவொன்றைக் கேட்டபின் சற்றே மௌனமாயிருந்து சிந்தித்தல் மிக நன்று.

கழகத்தார் தத்தம் புத்தகங்களை ஓரிடத்திலே சேர்த்துப் பொதுவாகப் படிக்க முயன்றனர். ஓராண்டிலே அம்முயற்சி தளர்ந்தது. பிராங்கிளின் தளராது, நகரத்தார் பணஞ் சேர்த்துப் புத்தகம் வாங்கும் ஏற்பாடொன்றை 1731இலே தொடங்கினார். ஐம்பதின்மர், ஒவ்வொருவரும் முதலில் நாற்பது சிலிங்கும் ஆண்டுதோறும் பத்துச் சிலிங்குங் கொடுக்க இசைந்தனர். அங்ஙனந் தோன்றிய புத்தகசாலை இன்றும் நடைபெறுகின்றது. ஆட்களைச் சேர்க்கும்போது அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். நற்கருமமொன்றைத் தம்முடைய எண்ணமென்று சொல்லிக் கேட்கின், கேட்போர் இவருக்குப் புகழ் வருமே என்றெண்ணிப் பின்வாங்கினர். அதனால் தம்மை மறைத்து, இது நண்பர் சிலருடைய ஏற்பாடென்றும், தாம் அவர் சொற்படி வந்தவரென்றுங் கூறினார். காரியம் இலகுவாக முடிந்தது. அதுமுதல் அம்முறையையே அவர் கையாண்டார். சிறிதுகாலம் புகழைத் தியாகஞ்செய்பவனுக்குப் புகழ் பின்னர்த் தானே வந்து சேருமென்பது அவர் கண்ட அனுபவம். நம் சங்கங்கள் மூன்றாமாண்டிலே சாய்வதற்குரிய காரணத்தை இங்கே தேடுதல் தகும்.

நகர்க்காவலைப்பற்றி அவர் கழகத்திலே ஒரு கட்டுரை வாசித்தார். இரவுக்காவலுக்கு வராது விடுபட விரும்பிய வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு சிலிங்கு கொடுத்தனர். ஐம்பது பவுண் பெறுமதியுங் கொள்ளாத உடைமையையுடைய ஏழைக் கைம்பெண்ணும், பல்லாயிரம் பவுண் பெறுமதியான பண்டங்களைக் களஞ்சியத்தில் வைத்திருந்த வணிகரும் ஒரே தொகை கொடுத்தல் நீதியன்றென்றும், உடைமைக்கேற்ப வரி வாங்கித் தக்க காவலரை நியமித்தல் வேண்டுமென்றும் அவர் காட்டினார். அது சட்டமாவதற்குப் பல்லாண்டு சென்றது. ஆயினும் மக்கள் மனத்தை அதற்குப் பண்படுத்தியது கழகப் பேச்சே. தீவிபத்தைப்பற்றிய கட்டுரையொன்றும் அங்கே வாசிக்கப்பட்டது. அதன் பயனாக 1736இலே முப்பதின்மர் சேர்ந்து தீயணைக்குஞ் சங்கம் அமைத்தனர். ஒவ்வொருவரும் தோல்வாளிகளும், பொருள்களை எடுத்துச் செல்லுதற்குரிய பைகளுங் கூடைகளும் ஆயத்தமாக வைத்திருந்தனர். கூட்டத்துக்கு வராதவர் கொடுத்த தண்டம் ஏணிகளும் நீர் இறைக்கும் யந்திரங்களும் வாங்க உதவியது. மேலும் பலர் சேர விரும்பியபோது, நீங்கள் வேறொரு சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே விடையாயிற்று. இங்ஙனம் சங்கங்கள் பெருகின.

ஜண்டோவையும் பெரிதாக்க அங்கத்தவர் சிலர் விரும்பினர். பிராங்கிளின் உடன்படவில்லை. ஒவ்வோரங்கத்தவரும் தத்தம் அயலிலே அதே விதிகளையுடைய கிளைக்கழகம் ஒன்றை அமைத்தல் நன்றென்றார். ஐந்தாறு கழகங்கள் அவ்வாறு தோன்றின. கூட்டம் பெருத்தாற் பேசுவோர் சிலரும் கேட்போர் பலருமாவர். சிறுகூட்டத்திலே யாவரும் பேசுதல் கூடும். தலைவரொருவரின் கீழ்ப் பலரைச் சேர்ப்பதினும் பலரைத் தலைவராக்குதல் மேலென்பது இதனாற் பெறப்படும்.

நண்பரொருவர் அவரிடம் அகந்தையுண்டென்று அன்போடு எடுத்துரைத்தார். அதனால், தாம் பயிலவேண்டுமென்று எழுதி வைத்திருந்த பன்னிரண்டு நற்குணங்களோடு பணிவென்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். பணிவின் தோற்றத்தைப் பெற்றாரேயன்றி அதன் உண்மையை முற்றப்பெறவில்லையென்று அவரே தம் சரித்திரத்தில் ஒப்புக்கொள்ளுகின்றனர். அவர் சிறந்த வாக்குவன்மை உடையவருமல்லர். சொற்களைத் தேர்வதிலே தடுமாறுபவர். ஆயினும் சபைகளிலே அவர் கருத்தே பெரும்பாலும் வென்றது.

பின்னிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1743இலே விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகமொன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1749இலே இளைஞர் கல்விக்கழகத்துக்கு அடியிட்டார். அதுவே பின்பு பென்சில்வேனியாச் சர்வகலாசாலையாயிற்று. 1751இலே வைத்தியர் தோமஸ் பொண்ட் என்பவரின் எண்ணமாகிய ஆஸ்பத்திரிக்குத் துணைநின்று, மக்கள் 2000 பவுண் சேர்ப்பாராயின் சட்டசபை மற்றொரு 2000 பவுண் கொடுத்தல் வேண்டுமென்னும் ஏற்பாட்டைச் செய்து, இருதிறத்தாரையுங் கொடுக்கச் செய்தார். 1778இலே பிரான்சு தேசத்தோடு உடன்படிக்கை செய்வித்தார். 1787இலே, எண்பத்தொரு வயதிலே, புதிய அரசியற்றிட்டத்தை வகுத்த சபையிலிருந்து, தமக்கு உடன்பாடல்லாத பகுதிகளுண்டாயினும் தம் கருத்தே பிழையாயிருத்தலுங் கூடுமென்று எண்ணி ஒப்பமிடுமாறு யாவரையும் வேண்டினார். அறுபதாண்டுக்குமுன் சப்பாத்துத் தைப்பவரோடுந் தச்சரோடுங் கூடிப் பயின்ற பாடம் அங்கே நாடாளுவோர்க்குப் பயன்பட்டது.

இத்துணைச் சிறப்புடையாரிடத்தும் இருள் இருந்தது. யாவரோடும் இணங்கிப் பேசவல்ல அவர், அரசர் பக்கஞ் சேர்ந்த தம் மைந்தர் வில்லியத்தோடு இணங்கவில்லை. 1784இலே மைந்தர் உறவு வேண்டி எழுதினார், 1785இலே இருவரும் ஒருமுறை சந்தித்தனர், மனம் ஒன்றவில்லை. அதனினும் பெரிய இருள் மற்றொன்று. அவர் வீட்டிலே அடிமைகள் இருந்தனர். அவருடைய பத்திரிகையிலே அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. கழகத்து வினாக்களுள் மக்களுடைய நியாயமான சுதந்திரத்தைப்பற்றிய வினாவும் ஒன்று. அடிமைகளைக் குறித்தோ ஒரு வினாவேனும் இல்லை. அவர் மனத்தைத் திருப்பியது யாதெனின், ஒரு பள்ளிக்கூடம். கறுப்பு நிறத்துப் பிள்ளைகளுக்காகப் பிலதெல்பியாவில் 1758இலே தொடங்கப்பட்ட பாடசாலையை 1763இலே சென்று பார்த்த அவர், அப்பிள்ளைகளின் விளக்கமும் நினைவாற்றலும் வெள்ளையர் பிள்ளைகளுடையவற்றுக்குக் குறைந்தனவல்ல என்று கண்டு, தம் பழைய எண்ணத்தை மாற்றி எழுதினார். ஆயினும் எண்ணம் செயலாதற்கு நெடுங்காலஞ் சென்றது. 1787இலே அடிமையொழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியிலே அடிமைத்தனத்துக்கு எதிரான விண்ணப்பத்திற் கையொப்பமிட்டுக் காங்கிரசுச் சபைக்கு அனுப்பினார். சபையார் அதனை ஏற்றிலர். அவ்வாண்டு ஏப்ரில் 17ஆந் திகதி எண்பத்துநான்காம் வயதிலே காலமாயினார். அந்நாடு முழுவதிலும் அடிமைத்தனம் ஒழிந்தது 1865இலேயாம்.

இறக்குமுன் பொஸ்தனுக்கும் பிலதெல்பியாவுக்கும் ஆயிரமாயிரம் பவுண் கொடுத்து, தொழில் தொடங்கும் இளைஞருக்கு அதனைக் குறைந்த வட்டிக்குக் கடனாக உதவுமாறு இருநூறாண்டுக்கு ஏற்பாடு செய்து வைத்தார். 1990 வரையும் அந்நிதி நிலைத்திருந்தது. வெறுங்கையோடு ஊர்புகுந்த பதினேழு வயதுப் பையனை அவர் மறந்தாரல்லர்.

ஆசிரியர்களே, நம் பாடசாலைகளிலும் வெள்ளிக்கிழமை மாலைகள் உண்டு. பெரிய மண்டபமும் அக்கிராசனருஞ் சித்தியாகுமளவுங் காத்திராது, பன்னிருவரோ அறுவரோ கூடியிருந்து, இவ்வாரம் என்ன படித்தோம், எந்தப் பிள்ளை பின்தங்கினான், ஏன் பின்தங்கினான், யாம் செய்யத்தக்கது யாது என்று வினாவிக்கொள்ளல் இயலும். அவ்வினாக்களோடு, பிராங்கிளினார் இளமையிலே கேளாது விட்ட வினாவையுஞ் சேர்த்துக்கொள்வோமாக: நமது வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை யார்? அவனைக் குறித்து நாம் இதுவரை பேசாதிருந்தது ஏன்? இதற்கு விடை தேடுமிடத்து, முயற்சி தம்முடையதென்று சொல்லாதவர் ஒருவர் நம்முள் இருப்பாராயின், அக்கூட்டம் மூன்றாமாண்டிலே சாயாது.