ஒரே பந்தியைக் கேட்ட பேராயர்



இந்நாட்களில் நம்ம ஜனங்களில் அநேகர் வெளிநாடு போய் வருகிறார்கள். வேலைக்கு துபாய், பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர். திரும்பி வந்ததும் அங்குள்ள ஆலயம் எவ்வளவு பெரிசு, மைக் செட் எப்படி என்று போட்டோ காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்பே கடல் கடந்து போன ஒரு தமிழர் எதைப் பார்த்து வந்தார் தெரியுமா?

அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாய்ப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாயார்தான் ஜெபத்தோடு வளர்த்தார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊழியத்தில் இறங்கினார்.

1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே அவர் உள்ளத்தைத் தொட்டது கட்டிடம் அல்ல. அந்தத் தமிழ் விசுவாசிகள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, கடலுக்கு இக்கரையிலே ஊழியம் நடத்தி வந்தார்கள்! நம்ம சபைகள் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்ற பாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1907இல் மாணவர் மாநாட்டுக்காக ஜப்பானுக்கும் போய் வந்தார்.

1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். பாஷை தெலுங்கு. ஜனங்களோ பரம ஏழைகள்.

அடுத்த வருஷம், 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. பெரிய மண்டபம், ஏறக்குறைய 1200 பிரதிநிதிகள். கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரர்கள். அந்த மேடையில் 35 வயது அசரியா தைரியமாய்ப் பேசினார். மிஷனெரிமார் செய்த தியாகத்துக்கு இந்தியா நன்றி சொல்லும் என்றார். ஆனால் நம்மவர்களோடு கை குலுக்குகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறார்களே, எங்களுக்குத் தேவை சிநேகிதர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சிலருக்கு அது பிடிக்கவே இல்லை.

வெளிநாட்டில் கேட்டதோடு அவர் நின்றிருந்தால் அது வெறும் பேச்சாய்ப் போயிருக்கும். தோர்ணக்கல்லில் சபைக்கு வந்த மாலா, மாதிகா ஜனங்கள் ஒரே பந்தியில் உட்காராதவர்கள். கிறிஸ்துவுக்குள் வந்தபின் அந்தப் பேதம் கூடாது என்று அவர்கள் மத்தியிலும் போராடினார். வெள்ளைக்காரரிடம் கேட்டதையே தன் சபையிடமும் கேட்டார்!

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டையானது. சீமை ஆலயங்களைக் கண்டு வந்தவர் அவற்றை அப்படியே காப்பியடிக்கவில்லை. மசூதியைப்போல் குவிமாடம், நம்ம நாட்டுக் கோவிலைப்போல் தூண்கள், தாமரையோடு சிலுவை. உள்ளே வருகிற எந்த ஏழையும் இது நம்ம வீடு என்று சொல்லும்படி கட்டினார். 1945 ஜனவரி 1ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, நம்ம திருவண்ணாமலைக்கு வெளியூர்க்காரர் வராத நாள் உண்டா? தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலே தெலுங்கு கேட்காமல் இருக்குமா? வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கினவர்களில் சிலர் நம்ம ஆராதனைக்கும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். அவர்களுக்குக் கை கொடுத்து, ஸ்தோத்திரம் பிரதர்னு சொல்லி, கேட்டோடு அனுப்பிவிடுகிறோமா? இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு வாய் சோறு போடுகிறோமா? எந்தத் தெரு, எந்த ஜனம் என்று விசாரித்த பிறகுதான் இலை போடுகிறோமா?

ஆதி சபைக்குச் சொந்தக் கட்டிடமே கிடையாது. வீடு வீடாய்க் கூடிச் சாப்பிட்டார்கள், சபை பெருகிற்று. நம்ம ஆலயத்துக்குப் புதுக் கூரை போடலாம், டைல்ஸ் ஒட்டலாம். அதற்கு முன்னே இந்த ஞாயிற்றுக்கிழமை, இதுவரை நம்ம வீட்டில் சாப்பிடாத ஒரு குடும்பத்தைக் கூப்பிடுவோமா? கர்த்தர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.