யூலியஸ் ஹிர்ஷ்: ஜெர்மனிக்காக கோல் அடித்தவரை ஜெர்மனி என்ன செய்தது?

ஜெர்மனி ஃபுட்பால் ரெக்கார்டில் யூலியஸ் ஹிர்ஷ் பெயருக்கு நேரே 7 போட்டி, 4 கோல்னு இருக்கும். அந்த நாலுமே 1912-ல் நெதர்லாந்துக்கு எதிரான ஒரே மேட்ச்சில் அடித்தவை. 1910, 1914 என இரண்டு முறை தேசிய சாம்பியன். முதல் உலகப் போரில் ராணுவப் பதக்கமும் வாங்கினார்.

ஆனா, அவர் யூதர். 1933 ஏப்ரலில் தென் ஜெர்மனியின் 14 கிளப்கள், யூதர்களை வெளியேற்ற ஒத்துழைப்பதாக அறிவித்தன. கவனியுங்க, அப்படிச் செய்யச் சொல்லி அப்போது எந்தச் சட்டமும் இல்லை. பட்டியலில் அவர் சிறுவயதில் சேர்ந்த கார்ல்ஸ்ரூஹ கிளப்பும் இருந்தது. பேப்பரில் படித்த ஹிர்ஷ், அவங்க நீக்கும் முன் தானே விலகினார்.

1943 மார்ச்சில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். திரும்பவே இல்லை.

2005 முதல், பாகுபாட்டை எதிர்ப்பவர்களுக்கு அவர் பெயரில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் விருது தருகிறது.