எழுபதா, எழுபத்தைந்தா? சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு வாழ்வு

தமிழ் அச்சு வரலாற்றைப் பயிலும் மாணவர் எவரும் தவிர்க்க முடியாத பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். டென்மார்க் மன்னர் அனுப்பிய சமயத்தொண்டராக 1706 ஜூலையில் அவர் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது வயது ஏறத்தாழ 24. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து வெளிவந்து, 1711இல் பணியை முடித்தார். நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சியவை 1715இலும் அச்சேறின. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே.

அவர் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்தும், பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தும் பெயர்த்தார். இதன் அருமை எனக்கு எங்கள் வட்டார நெல்வயலை வைத்தே விளங்கியது. நான் சுங்கை புரோங்கில் வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்தவன். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதை மலாய்க்காரர்கள் பாடி, பெராஸ், நாசி என்று பிரிக்கிறார்கள். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ரைஸ்தான். மலாய் நூலை ஆங்கில வழியாகத் தமிழாக்குபவன் வயலில் சோறு விளைந்ததாக எழுதிவிடக்கூடும்! மூலத்திற்குச் செல்பவனுக்கு இந்தக் குழப்பமில்லை.

ஆனால், மூலங்களே வேறுபட்டால்? யாக்கோபின் குடும்பத்தார் எத்தனை பேர் எகிப்துக்குச் சென்றனர் என்பதற்கு ஆதியாகமம் 46:27இன் எபிரேயம் 70 என்கிறது. அதே செய்தியைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகள் 7:14இன் கிரேக்கம் 75 என்கிறது. பழைய ஏற்பாட்டின் தொன்மையான கிரேக்க மொழிபெயர்ப்பு, யோசேப்பின் பேரன், கொள்ளுப்பேரன் ஐவரின் பெயர்களைக் கூடுதலாகச் சேர்த்து 75 என்று கணக்கிட்டிருந்தது. நடபடிகளிலும் அத்தொகையே வருகிறது.

ஒரு பக்கத்தைத் திருத்தி மற்றதோடு பொருத்திவிட எவருக்கும் ஆசை எழும். வாசகரும் கேள்வி கேட்கமாட்டார். ஆயினும், அந்தந்த ஏற்பாட்டை அதனதன் மூலமொழியிலிருந்தே தருவது என்னும் நெறியில் அதற்கு இடமில்லை. இன்றைய தமிழ் விவிலியத்திலும் ஓரிடத்தில் எழுபதும் மற்றோரிடத்தில் எழுபத்தைந்தும் அப்படியே நிற்கின்றன.

இதன் பயன் நெடுங்காலம் கழித்தே வெளிப்பட்டது. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் பழஞ்சுருள்கள் கிடைத்தன. யாத்திராகமம் 1:5இலும் இதே தொகை வரும். வழக்கமான எபிரேயப் பாடம் அங்கும் 70 என்றே கூறும். கும்ரானில் கிடைத்த எபிரேயப் படி ஒன்றிலோ 75 என்றிருந்தது. ஆக, 75 என்பது கிரேக்கத்தில் மட்டும் வழங்கிய கணக்கன்று. எபிரேயத்திலேயே அப்படியொரு பாடம் இருந்திருக்கிறது. யாரேனும் திருத்தியிருந்தால் அந்தத் தடயம் அழிந்திருக்கும். உ.வே.சா. தம் பதிப்புகளில் பாடபேதங்களைக் குறித்து வைத்ததை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே சென்றார். 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

சமயம் எதுவாயினும், தமிழ் மாணவர்களாகிய நாம் இவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நமக்குப் புரியாததையெல்லாம் பிழையென்று திருத்திவிடலாகாது. மூலத்தில் உள்ளது உள்ளபடி நிற்கட்டும். விளக்கம் பின்னால் வரலாம்.