பெயருக்கு என்ன விலை?

பொருளியல் வகுப்பில் பாகுபாடு குறித்த பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கேரி பெக்கர் 1957-இல் வெளியிட்ட நூலே அதற்கு அடிப்படை. திறமையாளரை இனம் காரணமாக ஒதுக்குபவர் தாமும் இழப்புக்கு உள்ளாகிறார் என்பது அவருடைய கருத்து. கரும்பலகையில் வளைகோடுகளை வரைந்து இதை எளிதாக விளக்கிவிடலாம். ஒதுக்கப்பட்டவர் செலுத்தும் விலை என்ன என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம், நீர்ப்பாய்ச்சல் வீராங்கனை விக்டோரியா மனாலோவின் வாழ்க்கையையே நான் எடுத்துரைத்தேன்.

அவர் 1924 டிசம்பர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தந்தை பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறியவர், தாய் ஆங்கிலேயர். கலிஃபோர்னியா மாகாணம் 1933-இல் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையிலான திருமணத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அத்தகைய மணத்தில் பிறந்த ஏழைக் குடும்பத்துச் சிறுமி, பத்து வயதளவில்தான் நீச்சல் கற்றார்.

16-ஆவது வயதில், நகரின் ஃபேர்மான்ட் ஹோட்டல் நீச்சல் மன்றத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு அமைந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மனாலோ என்ற தந்தையின் பெயரை விடுத்து, தாயின் பிறந்தவீட்டுப் பெயரான டெய்லரைச் சூடிக்கொள்ள வேண்டும். பணமாகக் கேட்டிருந்தால் அது கட்டணம். பெயரைக் கேட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பின்னர் ஓக்லாந்தில் லைல் டிரேவ்ஸ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். 1946-இல் அவரையே மணந்தார். அந்த ஆண்டு முதல் 1948 வரை தொடர்ந்து மூன்று முறை உயர்மேடைப் பாய்ச்சலில் தேசியப் பட்டம் வென்றார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். உடல் சற்றே சாய்ந்தாலும் நீர் சுவராகிவிடும். அங்கே குடும்பப் பெயர் எவரையும் காப்பதுமில்லை, கைவிடுவதுமில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்று மீட்டர் பலகைப் பாய்ச்சலிலும் உயர்மேடைப் பாய்ச்சலிலும் அவர் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்ற முதல் பெண் அவரே. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆசிய அமெரிக்கப் பெண்ணும் அவரே. அதே ஆண்டு அக்டோபரில்தான் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணத் தடைச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பெற்றோரின் மணத்தை ஒத்த மணங்களைச் சட்டம் ஏற்பதற்குள் மகள் நாட்டுக்கு இரண்டு தங்கங்களை ஈட்டித் தந்துவிட்டார்.

அக்கால ஒலிம்பிக் வெற்றி பணம் தரவில்லை. தொழில்முறை நீர்க்காட்சிகளில் பங்கேற்ற பிறகு, நான்கு மகன்களுக்குத் தாயாகக் குடும்ப வாழ்வில் அமைந்தார். 2006-இல், அவர் வளர்ந்த பகுதியில் உள்ள பூங்காவுக்கு விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ் எனச் சான் பிரான்சிஸ்கோ நகரம் பெயர் சூட்டியது. மறைக்கச் சொன்ன ஊரிலேயே அந்தப் பெயர் பலகையில் ஏற 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைக் கண்ட பின், 2010 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இதை நீதி வென்ற கதையாக மட்டும் மாணவர்கள் எடுத்துக்கொள்வதை நான் விரும்பியதில்லை. பெயரைக் கொடுத்தேனும் உள்ளே நுழைந்தவரை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க மறுத்தோ இயலாமலோ வாசலிலிருந்தே திரும்பியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாகுபாட்டால் ஒரு சமூகம் இழப்பதை அளக்க முற்படுபவர், பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல் அவர்களையும் நினைக்க வேண்டும்.