ஹகீம் அர்ராஸீயும் அடங்காத ஆசையும்

வயிறு நிறைந்த பின்னும் கை ஸஹனை விட்டு எழ மறுப்பதை நம்மில் அனுபவியாதவர் அரிது. இதைப் பற்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிய ஒரு ஹகீமின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) பிறந்தார். ரய்யிலும் பிறகு பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றினார். அவரைச் சுற்றி மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்களாம். நோயாளி முதலில் கடைசி வரிசையினரிடம் தம் நோயைக் கூறுவார். எவருக்கும் விளங்காதபோதே அர்ராஸீ வாய் திறப்பார். ஏழை நோயாளிகளுக்கு அவரே உதவித்தொகை கொடுத்துப் பராமரித்தார் என்று இப்னுந் நதீம் எழுதுகிறார். அகீதா சம்பந்தமாக அவர் கூறியதாக வரும் சில கருத்துக்களை உலமாக்கள் மறுத்துள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவருடைய மருத்துவத்தை மட்டுமே.

பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் அவர் ஏற்றுவிடவில்லை. ஜாலீனூஸ் மீதே ஐயங்களை எழுப்பி ஒரு கிதாபு எழுதினார். மூளைச் சவ்வில் வீக்கம் கண்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் எடுத்து, மறு பகுதியினருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, இரு சாராரின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உணவுகளின் பயன்களையும் அவற்றின் தீங்கை நீக்கும் வழிகளையும் பற்றித் தனி நூலே இயற்றினார். உணவால் தீரும் நோய்க்கு மருந்தை நாடலாகாது என்பது அவருடைய கொள்கை.

‘அத்திப்புர் ரூஹானீ’ என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியை அவர் குறிப்பிடுகிறார். பக்தாதில் ஒருவருடன் பேரீச்சம்பழத் தட்டின் முன் அமர்ந்தார். இவர் அளவோடு நிறுத்திக்கொண்டார். மற்றவரோ தட்டை ஏறக்குறையக் காலி செய்தார். ஆசை தீர்ந்ததா என்று கேட்டபோது, மீண்டும் பழைய பசி வர வேண்டும், தட்டும் நிறைந்து வர வேண்டும் என்றே அந்த மனிதர் விரும்பினார். உண்டு முடித்தும் ஆசையின் வேதனை தீரவில்லையென்றால், முன்பே நிறுத்தி, வயிற்றுப் பாரத்திலிருந்தாவது தப்பியிருக்கலாமே என்று அர்ராஸீ அவருக்கு விளக்கினார்.

உடலின் தேவை வேறு, உண்ணும் ஆசை வேறு என்பது இன்றைய ஆராய்ச்சியிலும் தெளிவாகிறது. 2019-ல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்து, ஆலைகளில் மிகவும் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், அவ்வாறு பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தது. பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு யாவும் சமமே. விரும்பிய அளவு உண்ணலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் உண்டனர். எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடிற்று. மற்ற உணவில் அதே அளவு குறைந்தது.

இறுதிக் காலத்தில் அர்ராஸீ பார்வையை இழந்தார். பாகிலா அவரையை மிகுதியாக உண்டதே காரணம் என்று பிறர் கூறினர். அவரோ இரவு பகலாகப் படித்தும் எழுதியும் கண் பழுதானதாக எழுதிவைத்தார். சோதித்தறியாமல் உணவின் மீது பழி போடுவதும் பிழைதான் என்பது இதில் நமக்கொரு படிப்பினை. ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) அவர் காலமானார். அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட ‘அல்ஹாவீ’ ஹைதராபாத்தில் அச்சாகி, இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக வெளிவந்தது.

வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்ற நபிமொழியை பயான்களில் எடுத்துரைக்கும் நாமும், வலீமா விருந்தில் ஆசை அடங்கட்டும் என்றே காத்திருக்கிறோம். உண்பதால் அது அடங்குவதில்லை என்பதே அந்த ஹகீம் கண்டது. ஆசை மிச்சமிருக்கும்போதே கை கழுவி எழப் பழகுவோமாக!