செவியின் நோயைக் கண்டறிந்த மருத்துவர் மெனியேர்



ராட்டினத்தில் சுற்றி இறங்கியதும் தரையே சுழல்வது போலத் தோன்றும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் ராட்டினம் ஏறாமலே திடீரென்று உலகம் சுழல, வாந்தியும் காதிரைச்சலுமாகப் படுக்கையில் விழுவோரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இதை மூளை நோய் என்றே எண்ணினர். மூளையில் இரத்தம் மிகுந்து தேங்கிவிட்டது என்று கருதி, அட்டைகளை விட்டு இரத்தத்தை உறிஞ்சச் செய்தனர். ஏற்கெனவே துவண்டு கிடந்த நோயாளி மேலும் துவண்டார். இத்தவற்றை உணர்த்தியவர் புரோஸ்பர் மெனியேர்.

இளமையும் தொண்டும்

பிரான்சு நாட்டின் ஆஞ்சே நகரில் 1799 ஜூன் 18ஆம் நாள் மெனியேர் பிறந்தார். பாரிசில் மருத்துவம் பயின்று 1828இல் பட்டம் பெற்றார். 1830 ஜூலையில் பாரிஸ் வீதிகளில் புரட்சி வெடித்தபோது, ஓத்தெல் தியே மருத்துவமனையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். 1835இல் தென் பிரான்சில் காலரா பரவியபோது அங்கும் சென்று பணியாற்றினார்.

1838இல் பாரிசிலுள்ள காது கேளாதோர் பள்ளியின் மருத்துவரானார். அப்பள்ளி, ஏழைச் செவிடர்களுக்குச் சைகை மொழியால் கல்வி புகட்டிய தெ லெப்பே என்னும் குருவானவரின் அன்புப் பணியில் தோன்றியதாகும். அங்கே செவி நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கண்டும் கேட்டும் வந்த மெனியேர் ஓர் உண்மையைக் கவனித்தார். தலைசுற்றலால் வருந்திய பலருக்குக் காதிரைச்சலும் இருந்தது. கேட்கும் திறனும் குறைந்துகொண்டே வந்தது. மூளை நோயாயின் அறிவும் கைகால்களும் பாதிக்கப்பட வேண்டுமே! இவர்களோ தெளிவாகவே இருந்தனர்.

இளம்பெண்ணின் மரணம்

குளிர்கால இரவொன்றில் குதிரை வண்டியின் மேல்தட்டில் அமர்ந்து பயணம் செய்த இளம்பெண் ஒருத்தி, திடீரென்று காது கேளாமலாகி, ஓயாத தலைசுற்றலுடன் ஐந்தாம் நாள் இறந்தாள். மெனியேர் அவளது உடலைச் சோதித்தபோது மூளையில் ஒரு குறையும் இல்லை. உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களிலோ செந்நிற நீர் நிறைந்திருந்தது. அவளுக்கு வந்தது வேறொரு கொடிய நோயாக இருக்கலாம் என்று இன்றைய அறிஞர் கருதுகின்றனர். ஆயினும் தலைசுற்றலின் பிறப்பிடம் செவியாகவும் இருக்கலாம் என்ற வழியை அம்மரணமே காட்டியது. அரைவட்டக் கால்வாய்களை அறுத்தால் புறாக்கள் தள்ளாடிச் சுழல்வதைப் புளூரான்ஸ் என்ற அறிஞர் முன்னரே கண்டிருந்தார்.

1861 ஜனவரி 8ஆம் நாள் மெனியேர் தம் முடிவைப் பாரிஸ் மருத்துவப் பேரவையில் படித்தார். பேரவை அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே, 1862 பிப்ரவரி 7ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் அவர் மறைந்தார். பாராட்டைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உண்மை வென்றது

பின்வந்த மருத்துவர்கள் அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினர். 1938இல் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே ஆராய்ந்தோர், இந்நோயாளிகளின் உட்செவியில் நீர் மிகுந்து சவ்வு உப்பியிருப்பதைக் கண்டனர். ஆம், தேக்கம் இருந்தது. ஆனால் அது மூளையில் அன்று, செவியில்!

மூளையைச் சூழ்ந்த நீருக்கும் உட்செவி நீருக்கும் இடையே நுண்ணிய வழி ஒன்று உண்டு என்பதையும் இன்று அறிவோம். எனவே மூளையில் நீர் தேங்கி அழுத்தம் மிகுந்தால் சிலருக்குச் செவியும் பாதிக்கப்படலாம். ஆதலால் தலைசுற்றல் அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தோழியரே, இயேசுபிரான் செவிடனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, அவன் காதுகளைத் தொட்டுக் குணமாக்கினார். மெனியேரும் பிறர் தள்ளிவிட்ட துன்பத்திற்குச் செவிசாய்த்தார். வகுப்பில் ஒருத்தி தலை சுற்றுகிறது என்றால் பாசாங்கு என்று நகைக்காமல், அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம். கேட்கும் செவியே அன்பின் முதல் வாயில் அன்றோ!