ஆழிக்குமரன் ஆனந்தன்

தலைமன்னார்க் கரையில் நின்று மேற்கே நோக்கினால் இராமர் அணை மணற்றிட்டிகளுக்கப்பால் இருப்பது தனுஷ்கோடி. இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1964 ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும், அதன்பின் 1984 வரை இராமேசுவரத்துக்கும் நம்மவர் கப்பலேறிச் சென்றனர். அக்கடலை 1971 இல் ஒருவர் தம் கைகளாலேயே கடந்தார். கடந்ததோடு நில்லாது நீந்தியே திரும்பினார். அவரே வி. எஸ். குமார் ஆனந்தன்.

1943 மே 25 இல் பிறந்த அவர், கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர், தொழிலால் வழக்கறிஞர். அவர் சிறுவனாயிருந்த 1954 இலேயே மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வழிகாட்டியிருந்தார். 1966 இல் வங்காள வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த 25 மணி 36 நிமிடம் எடுத்தார். ஆனந்தனுக்குப் போகவும் வரவும் ஆனது 51 மணி நேரம். ஒரு வழிக்கு மற்றவர் எடுத்த நேரத்தின் இருமடங்கே! இரண்டு இரவுகளின் களைப்புக்கெனத் தனியே நேரம் கேளாத உடல் அது. அக்கரையைக் கண்டதும் போதுமென்று எண்ணாத உள்ளமே அவ்வுடலை இயக்கியது என்போம்.

ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றதும், 1981 இல் சென்னை அண்ணா நீச்சற் குளத்தில் 80 மணி நேரம் நீரில் மிதந்து நின்றதும் அவருடைய பிற சாதனைகளுட் சில. நீந்தும்போதாயினும் நிற்கும்போதாயினும் அவருடைய படைக்கலம் பொறுமை ஒன்றே.

இறுதியில் ஆங்கிலக் கால்வாயை நாடினார். அதன் ஒடுங்கிய பகுதி 33 கிலோமீற்றர். நம் நீரிணையை ஒத்ததே. ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. அக்கடலோ கோடையிலும் உடற்சூட்டை உறிஞ்சும் குளிருடையது. 1984 ஆகஸ்டு 6 இல், 41 ஆம் வயதில், அம்முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார்.

வீண் துணிவு என்பாருமுளர். நாம் அவ்வாறு கருதோம். ஆயினும் ஒரு கடலை வென்றவனும் மறு கடலிடம் புதிதாகவே பாடங்கேட்க வேண்டும் என்பதை அவர் முடிவு நமக்கு உணர்த்துகின்றது.

இளைஞர்களே! மூன்று புறமன்று, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்கின்றோம். மீனவச் சகோதரர் கடலை அறிவர். நூலேந்திய நம்முள் நீந்த வல்லார் எத்தனை பேர்? பெரியோர் துணையுடன் முறையாக நீந்தக் கற்போமாக. ஆனந்தனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.